அண்ணனின் தலைக்கு வார்த்த தண்ணீர்

கண்ணுகளா, போன வருஷம் ஆடி மாதம் உங்கள் பெரியப்பா போய்ச் சேர்ந்த அன்று நீங்கள் இரண்டு பேரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள். "பெரியப்பா கடைசியா என்னங்கப்பா சொன்னாங்க?" நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணும் சொல்லலை கண்ணு, தூக்கத்துலயே போயிட்டாரு" என்றேன். பாப்பாவுக்கு அப்போது காலேஜில் பரீட்சை. தம்பிக்குப் பன்னிரண்டாவது. அதனால் அந்தக் கடைசி நாட்களில் உங்களை நான் அங்கே கூட்டிப் போகவில்லை. நான் சொன்னது பாதிதான் உண்மை. மீதியை நேரில் சொல்ல வாய் வரவில்லை, எழுதினால் வருமோ என்று பார்க்கிறேன்.

பெரியப்பா பீளமேட்டில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர் என்பது உங்களுக்குத் தெரியும். பெரியம்மா நீங்கள் சிறுசாக இருக்கும்போதே போய்விட்டார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. மில்லை மூடிய பிறகு அன்னூருக்கு நம் வீட்டுக்கே வந்துவிட்டார். பிறகு ஒருநாள் காலையில் கை கால் இழுத்துக்கொண்டது. இடது பக்கம் வரவே இல்லை. இரண்டு வருஷம் நம் வீட்டு உள் அறையில் கட்டிலோடு கிடந்தார். உங்கள் அம்மா துடைத்துவிட்டாள், ஊட்டிவிட்டாள், துணி மாற்றினாள். கடைசியில் கிட்னியும் கைவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர், "இனி வைத்தியம் பார்த்து அவரைச் சிரமப்படுத்த வேண்டாம், வலி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி, ஓர் இல்லத்தின் விலாசத்தை எழுதிக் கொடுத்தார்.

அந்த இல்லமும் பீளமேட்டில்தான் இருந்தது. வெளியே இருந்து பார்த்தால் யாரோ குடியிருக்கும் வீடு மாதிரி இருக்கும். உள்ளே பத்துக் கட்டில்கள். ஏர்போர்ட் பக்கம் என்பதால் விமானம் இறங்கும்போது கூரைக்கு மேலேயே போவது போல இருக்கும். சத்தம் வந்து, பெரிதாகி, பிறகு தேய்ந்து போகும். அதுவரை யாரும் பேச மாட்டார்கள். கட்டிலில் இருப்பவர்கள் கண்ணை மட்டும் மேலே தூக்கி, அது போவதைக் காதாலேயே பார்த்துக்கொண்டு கிடப்பார்கள். ஆடிக் காற்று வேறு. ஜன்னல் திரைகள் நாள் முழுக்க உப்புவதும் அடங்குவதுமாக இருக்கும். அந்த வீடே மூச்சு விட்டுக்கொண்டிருப்பது மாதிரி எனக்குத் தோன்றும்.

அங்கே பகலில் ஒரு நர்ஸ் இருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் சின்னச் சிலுவை. எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். முதல் நாள் அண்ணனைக் கட்டிலில் போட்டதும், அந்த அம்மா அவர் காதுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"ஐயா, இப்ப உங்கள இந்தப் பக்கமாத் திருப்பப் போறேனுங்க. கொஞ்சம் வலிக்கும். கோவிச்சுக்காதீங்க."

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். நான், "அவருக்குக் கேக்குதுங்களா சிஸ்டர்?" என்று கேட்டேன்.

"தெரியலீங்க. கேட்டா நல்லதுதானுங்களே."

திருப்பியபோது இடுப்புக்குக் கீழே இருந்த படுக்கைப் புண் தெரிந்தது. உங்கள் அம்மா சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். திட்டு வாங்கப் போகிறோம் என்று நினைத்தோம். சிஸ்டர் புண்ணைக் கழுவி மருந்து வைத்துக்கொண்டே, "ரெண்டு வருசமா ஊட்ல வெச்சுப் பாத்திருக்கீங்க. ஒரே ஒரு புண்ணுதான் இருக்குது. அக்கா, உங்களக் கையெடுத்துக் கும்பிடோணுங்க" என்றார். உங்கள் அம்மா அன்றைக்குத்தான் அழுதாள். அந்த இரண்டு வருஷமும் சேர்த்து அழுதாள்.

நான் தினமும் வேலை முடிந்து, அன்னூரில் பஸ் ஏறி, காந்திபுரத்தில் இறங்கி, டவுன் பஸ் பிடித்துப் பொழுதோடே போய்ச் சேருவேன். கையில் இருக்கும் கிரீஸ் முழுதாகப் போயிருக்காது. போர்வெல் மோட்டாரைத் தூக்கி இறக்குகிற கை அப்படித்தான் இருக்கும். போனதும் கட்டில் ஓரம் நின்றுகொண்டு தினமும் ஒரே பாட்டைப் பாடுவேன்.

"நல்லாயிருக்கீங்கண்ணா. மொகம் தெளிஞ்சிருக்குது. சீக்கிரம் எந்திரிச்சிருவீங்க. தைப் பொங்கல் நோம்பிக்கு ஊட்டுக்குப் போயிரலாமுங்க."

அவர் முகத்தை மெல்லச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். அசதி என்று நினைத்துக்கொள்வேன். அவருக்குப் பேச்சு போகவில்லை, நாக்குதான் குழறும். ஆனால் என்னிடம் பேச்சே இல்லை. நானும் பேசி முடித்த திருப்தியில் வந்துவிடுவேன்.

மூன்றாவது வாரம் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னைக்கோ நாளைக்கோங்க" என்றார். ஆனால் ஒரு வாரம் போனது. பத்து நாளும் போனது. தண்ணீரைக்கூட விழுங்க முடியாது. சிஸ்டர் பஞ்சைத் தண்ணீரில் நனைத்து உதட்டையும் நாக்கையும் ஈரப்படுத்துவார், அவ்வளவுதான். உடம்பு துணி மாதிரி கட்டிலோடு ஒட்டிவிட்டது. வலது கை மட்டும் அடங்காது. தலைக்குப் போகும், தலையணையைத் தடவும், கீழே விழும், மறுபடியும் தலைக்குப் போகும். எதையோ தேடுகிற கை. இவருக்கு ஏதோ வேண்டியிருக்கிறது, அது கிடைக்காமல் போக முடியாமல் கிடக்கிறார் என்று மட்டும் தெரிந்தது. அது என்ன என்றுதான் தெரியவில்லை.

ஊரில் எங்கள் தாய்மாமாவிடம் போய்ச் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை.

"மாப்ள, இது சீக்கு இல்லடா. மண்ணாசை. உசுரு காட்ட உட்டுப் போட்டுப் போக மாட்டீங்குது. அவன் பங்குக் காட்டு மண்ணு ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணில கரைச்சு வாயில உடு. ஒரே நாளு. நிம்மதியாப் போயிருவான்."

உங்கள் காலத்துக்கு இது வேடிக்கையாக இருக்கும். நம் பக்கத்தில் உயிர் இழுத்துக்கொண்டே கிடந்தால் இப்படி ஒரு வழக்கம் உண்டு. மண்ணாசையா, பொன்னாசையா என்று பார்ப்பார்கள். மண் என்றால் மண்ணைக் கரைத்துக் கொடுப்பார்கள், பொன் என்றால் நகையை உரசிக் கொடுப்பார்கள். நான் அதை முழுதாக நம்பினேன் என்று சொல்ல மாட்டேன். நம்பவில்லை என்றும் சொல்ல முடியாது. அண்ணன் போகவேண்டும் என்று எனக்கு ஆசையில்லை. ஆனால் அந்தக் கை அலைவதை இன்னொரு நாள் பார்க்க என்னால் ஆகாது.

மறுநாள் விடிந்ததும் காட்டில் அண்ணன் பங்கு நிலத்துக்குப் போய் ஒரு பிடி மண் எடுத்து, பேப்பரில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வேலைக்குப் போகவில்லை. பத்து மணிக்கெல்லாம் இல்லத்தில் இருந்தேன். சிஸ்டர் கடைசிக் கட்டிலில் ஒருவருக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தார். நல்லதாகப் போயிற்று என்று, டம்ளரில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி மண்ணைக் கரைத்தேன். தண்ணீர் செம்பழுப்பாக மாறியது. அண்ணனின் கழுத்துக்கு அடியில் கையைக் கொடுத்துத் தலையைத் தூக்கி, ஸ்பூனை உதட்டுக்குப் பக்கத்தில் கொண்டு போனேன்.

பின்னாலிருந்து ஒரு கை வந்து ஸ்பூனை மூடியது. தட்டிவிடவில்லை, பிடுங்கவும் இல்லை. மூடியது, அவ்வளவுதான்.

"அண்ணா, என்னங்க இது?" என்று சிஸ்டர் என்னைக் கேட்டார்.

பொய் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். மாமா சொன்னதையும், நான் காட்டுக்குப் போனதையும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அந்த அம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எங்க பக்கமும் இந்த மாதிரி உண்டுங்க. எங்க மாமியாருக்கு ஜெபிச்ச தண்ணியக் கொண்டாந்து ஆளாளுக்கு வாயில ஊத்துனாங்க. அன்னைக்கு நானே நர்ஸு, நானே மருமக. வேண்டாம்னு சொல்ல வாய் வல்லீங்க. பாத்துட்டே நின்னேன்." டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். "ஆசையோடதான் கொண்டாந்திருக்கீங்க, தப்புச் சொல்லலை. ஆனா உங்க அண்ணனால முழுங்க முடியாதுங்க. ஒரு ஸ்பூனு மூச்சுக் கொழாய்க்கு மாறிப் போனாலும், கெணத்துக்குள்ள முங்குனவரு மாதிரி மூச்சு முட்டித்தான் போவாரு. நிம்மதியாப் போகமாட்டாருங்க."

ஸ்பூனில் இருந்ததைத் திரும்ப டம்ளரிலேயே ஊற்றினேன். தண்ணீர் போகக் கூடாத இடத்துக்குப் போனால் என்ன ஆகும் என்று மோட்டாரில் எனக்குத் தெரியும். ஊரில் நாலு பேருக்கு அதைச் சொல்லிக் கொடுக்கிறவன் நான். என் கூடப் பிறந்தவனுக்கு என்ன செய்ய இருந்தேன் பாருங்கள். டம்ளரை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு நின்றேன்.

"அவருக்கு மண்ணுதான் வேணும்னு ஆருங்க சொன்னது?" என்று சிஸ்டர் கேட்டார்.

"எங்க மாமாங்க."

"மாமா வந்து இவரக் கேட்டாருங்களா?"

"இல்லீங்க."

"நீங்க கேட்டீங்களா?"

"அவருதான் பேசறதே இல்லீங்களே சிஸ்டர்."

"உங்ககிட்டப் பேசறதில்ல. காலைல ஒடம்பு தொடைக்கையில எங்கிட்ட நல்லாப் பேசறாருங்க. நீங்க வந்ததும் தை நோம்பி, தை நோம்பின்னா அவரு என்னத்தப் பேசுவாரு? தான் போறது தெரிஞ்சா தம்பி ஒடைஞ்சு போயிருவான்னு வாய மூடிக்கறாரு. நீங்க அவருக்குப் பயந்து மறைக்கறீங்க, அவரு உங்களுக்குப் பயந்து மறைக்கறாரு. நல்ல அண்ணன் தம்பி போங்க."

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஆனால் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"என்ன வேணும்னு உங்ககிட்டச் சொன்னாருங்களா?" என்று கேட்டேன்.

"சொன்னாரு. நான் செஞ்சு தாரேன்னேன். தம்பிதான் செய்யோணும்னுட்டாரு. ஆனா உங்ககிட்டக் கேக்கவும் மாட்டாராம். அதனால நீங்களே கேளுங்க. கேட்டுப்போட்டு சும்மா இருங்க. பதிலையும் நீங்களே சொல்லிராதீங்க."

சொல்லிவிட்டு நகவெட்டியை எடுத்துக்கொண்டு கடைசிக் கட்டிலுக்குப் போய்விட்டார்.

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். இத்தனை நாளில் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. தினமும் நின்றுகொண்டே பேசிவிட்டுப் போயிருக்கிறேன். அண்ணன் சுவரைப் பார்த்துக் கிடந்தார். எங்கள் பேச்சு அவர் காதில் விழுந்திருக்கும்.

"அண்ணா, உங்களுக்கு என்னமாச்சும் வேணுங்களா?"

பதிலையும் நானே சொல்லிவிட வாய் துறுதுறுத்தது. கெட்டியாக மூடிக்கொண்டேன். விமானம் ஒன்று வந்தது, சத்தம் பெரிதாகிப் பெரிதாகித் தேய்ந்து போனது. திரை உப்பியது, அடங்கியது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அண்ணன் முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"நான் போறேன். உனக்குத் தெரியுமா?"

'அப்படியெல்லாம் சொல்லாதீங்க' என்பது தொண்டை வரை வந்தது. விழுங்கினேன்.

"தெரியுமுங்ணா."

அவர் நெஞ்சிலிருந்து நீளமாக ஒரு மூச்சு இறங்கியது. "அப்பாடி" என்றார். ஒவ்வொரு வார்த்தையாகச் சேர்த்து, "பொய் சொல்லிச் சொல்லி... எளைச்சுப் போயிட்டடா நீ" என்றார். வாயின் வலது ஓரம் மட்டும் சிரித்தது. நானும் சிரித்தேன். அழுகையும் கூடவே வந்தது, இரண்டையும் பிரிக்க முடியவில்லை.

பிறகு சொன்னார்.

"தலைக்குத் தண்ணி வாத்து உடு தம்பி."

கண்ணுகளா, மில் வேலை எப்படி என்று உங்களுக்குத் தெரியாது. ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் தலை, புருவம், காது மடல் எல்லாம் வெள்ளையாகப் பஞ்சுத் தூசு படிந்திருக்கும். அவர் தலைக்கு ஊற்றாமல் ஒருநாளும் சோற்றில் கை வைத்ததில்லை. மழையானாலும் காய்ச்சலானாலும் சரி. முப்பது வருஷம் தினமும் தலைக்குத் தண்ணீர் வார்த்தவருக்கு, படுக்கையில் விழுந்த இரண்டு வருஷமாக ஒரு சொட்டும் நாம் ஊற்றவில்லை. உடம்பைத் துடைத்தோம். தலையை மட்டும் ஈரத்துணியால் ஒரு ஒற்று. சளி கட்டும், ஜன்னி வரும் என்று வந்த சொந்தக்காரர், ஒறம்பரை எல்லாம் பயமுறுத்தினார்கள். படுத்த முதல் மாதமே அவர் என்னிடம் கேட்டார், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "நல்லானதுக்கப்பறம் ஊத்திக்கலாமுங்ணா" என்றேன். பிறகு அவர் கேட்கவே இல்லை. அந்தக் கை பத்து நாளாகத் தலைக்குப் போனது இதற்குத்தான். ஊர் முழுக்கப் பூமிக்கடியிலிருந்து தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறவன் நான். அண்ணனுக்கு நாலு சொம்பு தண்ணீர் கொடுக்கவில்லை.

சிஸ்டரிடம் ஓடினேன். "சளி கட்டிக்காதுங்களா?"

"டாக்டர்கிட்ட நேத்தே கேட்டு வெச்சுட்டேனுங்க. வெதுவெதுன்னு ஊத்தி ஒடனே தொவட்டிரலாம். இனி எதுக்குங்ணா பயம்?" என்றவர், அண்ணனிடம் போய், "ஷாம்பூ இருக்குதுங்கய்யா, போட்டு உடட்டுங்களா?" என்று கேட்டார்.

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு ஒரே வார்த்தை சொன்னார். "அரப்பு."

"பாத்தீங்களா, மைனருக்கு ஷாம்பூ ஆகாதாமா! போங்கண்ணா, போயி அரப்பு வாங்கிட்டு வாங்க. வெரசா வாங்க."

அந்த 'வெரசா' என்ற வார்த்தைதான் என்னை ஓட வைத்தது. பீளமேட்டில் அரப்பு கிடைப்பது அவ்வளவு லேசு இல்லை. முதல் கடையில் கழுத்தில் அட்டை தொங்கவிட்ட பெண்பிள்ளைகள் கூட்டம். கல்லாவில் இருந்தவர் "அரப்புன்னா என்னங்க, ஹேர் மாஸ்க்குங்களா?" என்று கேட்டார். இரண்டாவது கடையில் சீயக்காய் இருந்தது, அரப்பு இல்லை. காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்தது. நான் போவதற்குள் அவர் போய்விட்டால் என்ற ஒரே நினைப்பில் நடந்தேன். அண்ணன் வேலை பார்த்த மில்லின் நீண்ட சுவர் வந்தது. உள்ளே இப்போது பெரிய பெரிய அடுக்குமாடி. சுவர் மட்டும் பழையது. அந்தச் சுவர் முடியவே இல்லை. கனவில் நடப்போமே, நடக்க நடக்க இடம் நகராது, அப்படி இருந்தது. சுவர் முடிந்த மூலையில் ஒரு நாட்டு மருந்துக் கடை. கேட்டதும், "பச்சை அரப்புத் தூளுங்களா, எத்தன வேணும்?" என்றார்கள். அந்தக் கடைக்காரரைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

திரும்பி வந்தபோது எல்லாம் தயாராக இருந்தது. தலையணையை எடுத்துவிட்டு, ரப்பர் விரிப்பின் இரண்டு ஓரத்தையும் சுருட்டி வாய்க்கால் மாதிரி செய்து, கீழே பக்கெட்டில் போய் விழும்படி வைத்திருந்தார் சிஸ்டர். சமையல்கட்டிலிருந்து சோறு வடித்த கஞ்சி கொஞ்சம் வந்திருந்தது, அரப்பைக் கரைக்க. அண்ணனின் காதுகளில் பஞ்சு. கண் மேல் மடித்த ஈரத்துணி.

"ஐயா, தம்பி வந்துட்டாருங்க. தலையத் தூக்கப் போறாரு. அப்பறம் தண்ணி வரும். சூடு பத்தலைன்னா சொல்லுங்க" என்றவர் என்னிடம், "பாப்பா பொறந்தப்ப எப்படித் தூக்குனீங்க? அப்படியே புடிங்க" என்றார்.

அப்படியே பிடித்தேன். அண்ணனின் தலை என் இடது உள்ளங்கையில் அடங்கியது. இவ்வளவுதானா என்று இருந்தது. சிஸ்டர் தண்ணீரைத் தன் முழங்கையில் விட்டுப் பார்த்து, சொம்பை என் கையில் கொடுத்தார். நெற்றி ஓரத்திலிருந்து பின்னால் ஊற்றினேன். தண்ணீர் பட்டதும் அவர் முகத்தில் இருந்த ஒவ்வொரு கோடாக விட்டது. நெற்றி விட்டது, புருவம் விட்டது, தாடை விட்டது. இரண்டு வருஷமாக எதையோ கடித்துக்கொண்டிருந்தவர் அதைக் கீழே வைத்துவிட்ட மாதிரி.

அரப்பைத் தேய்த்தேன். பச்சை வாசம் எழுந்தது. டெட்டால் வாசம் இருந்த இடத்தில் எல்லாம் அது போய் நின்றது. எதிர்க் கட்டிலில் இருந்தவர், அவர் பேசி நான் கேட்டதே இல்லை, "ஆரு ஊட்லய்யா நோம்பி?" என்றார். சிஸ்டர், "மில்லுக்காரரு ஊட்லங்க" என்றார். என் விரலில் காய்ப்புக் காய்த்திருக்கும், வலிக்குமோ என்று மெல்லத் தேய்த்தேன். அண்ணன், "அழுத்தி" என்றார். அழுத்தித் தேய்த்தேன்.

மறுபடியும் தண்ணீர் ஊற்றும்போது அவர் கேட்டார், அது இந்த உலகத்துக் குரல் மாதிரி இல்லை, எங்கோ ஒரு குழாயடியில் நின்று கேட்பது மாதிரி இருந்தது.

"பஞ்சு போகுதா?"

பஞ்சு எங்கீங்ணா, மில்லு மூடிப் பல வருசமாச்சுங்களே என்று சொல்ல வாயெடுத்தேன். சிஸ்டர் என்னைப் பார்த்தார். கண்ணால் வேண்டாம் என்றார். நான் பக்கெட்டைப் பார்த்தேன். நுரையும் நரைமுடியுமாக வெள்ளையாக விழுந்துகொண்டிருந்தது.

"போகுதுங்ணா. எல்லாம் போகுது."

"ம்" என்றார். "நல்லா ஊத்து."

ஊற்றினேன். எத்தனை சொம்பு என்று தெரியாது. விமானச் சத்தம் வந்தது, போனது, மறுபடியும் வந்தது. தண்ணீர் விழும் சத்தத்தில் அதுவும் தண்ணீர்ச் சத்தம் மாதிரியே கேட்டது. துவட்டி முடிப்பதற்குள் அண்ணன் தூங்கிவிட்டார். அலைந்துகொண்டிருந்த அந்தக் கை நெஞ்சின் மேல் அப்படியே இருந்தது. பிறகு அது எழவே இல்லை.

அதற்குப் பிறகு இரண்டு நாள் இருந்தார். நான் வேலைக்குப் போகவில்லை. பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். விழித்த நேரமெல்லாம் பேசினார். பாப்பா சின்னதில் அவர் மீசையைப் பிடித்து இழுத்ததைச் சொன்னார். தம்பி பரீட்சைக்குப் பயப்படுகிறானாமே, பயப்படாமல் எழுதச் சொல் என்றார். இதை அன்றைக்கே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும், இப்போது சொல்கிறேன்.

மூன்றாம் நாள் மதியம் பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன். கண் திறக்காமல், "போதும். நீ போயி சோறு உண்ணு தம்பி" என்றார். நீங்கள் கேட்ட கடைசி வார்த்தை இதுதான். நான் தெருமுனை மெஸ்ஸுக்குப் போய் உட்கார்ந்தேன். பாதி உண்டிருப்பேன், கை கழுவிவிட்டு வந்தால் அவர் போயிருந்தார். அந்தப் பத்து நிமிஷம் நான் பக்கத்தில் இல்லை. சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். அதைச் சொல்ல வெட்கப்பட்டுத்தான் உங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை என்று சொன்னேன்.

சிஸ்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தனியாப் போகலீங்ணா. நான் கையப் புடிச்சுட்டுத்தான் இருந்தேன். செலபேரு நம்மள அனுப்பிப் போட்டுத்தான் போவாங்க. பாசக்காரங்கதான் அப்படிப் போவாங்க" என்றார்.

பிறகு வெதுவெதுப்பாகத் தண்ணீர் கொண்டுவந்து அண்ணனின் உடம்பைத் துடைக்க ஆரம்பித்தார். "ஐயா, மொகம் தொடைக்கறேனுங்க. ஐயா, கையத் தூக்கறேனுங்க." உயிரோடு இருந்தபோது சொன்ன அதே குரல். நான் திகைத்துப் போய்ப் பார்த்தேன். "இத்தன நாளா சொல்லிப்போட்டுத்தானுங்க தொட்டேன். இன்னைக்கு மட்டும் சொல்லாம எப்படிங்க தொடறது?" என்றார். நானும் மறுபக்கம் நின்று, "அண்ணா, காலத் தொடைக்கறேனுங்க" என்று சொல்லித் துடைத்தேன்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து, நாம் அங்கே வைத்துவிட்டு வந்த சாமான்களை எடுக்க நான் மட்டும் போனேன். இதை உங்கள் அம்மாவிடமும் சொன்னதில்லை. அன்று சிஸ்டருக்கு லீவு. அண்ணன் இருந்த கட்டிலில் வேறு ஒருவர் இருந்தார். என் வயதுதான் இருக்கும். பார்க்க வருகிறவர்கள் யாரும் இல்லை என்று வாசலில் இருந்தவர் சொன்னார். பையை எடுத்துக்கொண்டு திரும்பினவன் நின்றேன். சீக்கிரம் நல்லாயிருவீங்க என்பது வாயில் வந்துவிட்டது, அவ்வளவு பழக்கம். அதை விட்டுவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ஏனுங்க, உங்களுக்கு என்னமாச்சும் வேணுங்களா?" என்று கேட்டேன். கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். வெகுநேரம் அவர் என்னையே பார்த்தார். பிறகு, "காலு மேல இந்தப் போர்வை பாரமா இருக்குதுங்க" என்றார். எழுந்து போர்வையை எடுத்து மடித்துக் கட்டில் ஓரத்தில் வைத்தேன். அவர் கால் விரல்களைக் கொஞ்சம் அசைத்துப் பார்த்துக்கொண்டார்.

துவைத்துத் துவைத்து நைந்த பருத்திப் போர்வை அது, கையில் எடுத்தால் எடையே தெரியாது. அது அந்த மனுஷனுக்கு அத்தனை பாரமாக இருந்ததை, கேட்காமல் இருந்திருந்தால் நான் எப்படித் தெரிந்துகொண்டிருப்பேன் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.